எவன்ஸ்வில்லில் ஆட்கள் இருக்கிறார்கள்

நீ மணக்கப்போகும் எமிலியின் அப்பா ராய் என் கட்டுரையைப் படித்துவிட்டார். கடந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடியோ காலில் இதை எனக்குச் சொன்னவன் நீ. அவர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, போனில் மொழிபெயர்த்துப் போட்டு, ஒரு வரி விடாமல் வாசித்ததை எதிர் நாற்காலியிலிருந்து நீயே பார்த்திருக்கிறாய். அதனால் மூலத்தைச் சந்தேகிக்க இடமில்லை. ‘ஆளில்லா ஊரில் ஓர் ஆறு’ என்ற என் தலைப்பை அந்தப் போன் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறது. படித்து முடித்ததும் அவர் உன்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாராம். “அப்ப நான் ஆள் இல்லையா?” என்பது முதல் கேள்வி. அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார் என்றாய். “உங்கம்மா இங்க யார்கிட்ட பேசினாங்க?” என்பது இரண்டாவது. அதைக் கேட்கும்போது அவர் சிரிக்கவில்லை என்பதையும் நீ மறைக்காமல் சொன்னாய்.

நான் உடனே தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லி, போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். தண்ணீர் வரவில்லை. எங்கள் தெருவுக்கு இப்போதெல்லாம் மாலை ஏழு மணிக்கு மேல்தான் விடுகிறார்கள். நீ இங்கே இருந்த காலத்தில் காலையில் வந்ததால் உனக்கு அது பொய்யென்று தெரிந்திருக்காது. உன் அப்பாவுக்குத் தெரியும். நான் குளியலறையில் காலி பக்கெட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அவர் உன்னிடம், “அவ தண்ணி புடிக்கிறா” என்று எனக்காகச் சொன்னது காதில் விழுந்தது.

அந்த இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஆறு வாரம் இருந்தேன். அந்த ஊரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அதற்காக யாரிடமும் பேசவில்லை.

இதைச் செய்தித்தாளிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. தவறு அச்சில் வந்தது. திங்கட்கிழமை ஞாயிறு பதிப்பின் ஆசிரியரிடம் போய், ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டேன். என்னைவிட இருபது வயது இளையவர். நான் ஓய்வுபெற்ற பிறகும் என் எழுத்துக்கு இடம் கொடுத்து வருகிறவர்.

“அந்தக் கட்டுரை வந்து ரெண்டு வருஷம் ஆச்சே மேடம். இப்ப யாரு திருத்தம் கேக்குறாங்க?”

“என் சம்பந்தி.”

“எந்த ஏரியா? ஃபிரேசர் டவுனா?”

“எவன்ஸ்வில். அமெரிக்கா.”

“அவருக்குத் தமிழ் தெரியுமா?”

“அவர் போனுக்குத் தெரியும்.”

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: “திருத்தம்னா நாலாம் பக்கத்துல நாலு வரி மேடம். எது தப்பு, எது சரி, வருந்துகிறோம். அவ்ளோதான். உங்களுக்கு நாலு வரி போதுமா?” போதாது என்றேன். “அப்ப லெட்டரா எழுதுங்க. முழுப் பக்கம் தரேன். ஆனா புலம்பக் கூடாது.” அவர் கொடுத்த பக்கம் இது.

உனக்கு எவன்ஸ்வில்லில் வேலை கிடைத்த செய்தி வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். கீழ் வீட்டுச் செல்வி படியேறி வந்து, “அக்கா, என்ன ஊருன்னீங்க? எவன்ஸ்வில்லா? எவன் வித்தான், எவன் வாங்கினான்?” என்று கேட்டாள். நீ அன்று சிரித்த சிரிப்பில் இட்லி புரையேறியது. நியூயார்க், சிகாகோ என்று ஏதாவது ஒரு பெயர் வரும் என்று நம் காக்ஸ் டவுனில் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். நீ பூகோளப் படத்தை விரித்து ஓஹையோ ஆறு வளைந்து போகிற ஓர் இடத்தில் விரலை வைத்தாய். அந்த ஊரில் முன்பு ஃபிரிட்ஜ் செய்தார்கள் என்றாய். உலகப் போர்க்காலத்தில் கப்பலும் விமானமும் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக் செய்கிறார்கள், அதற்கான அச்சு செய்யத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள் என்றாய். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளியைக் குனிந்து பார்த்தார். “ஃபேக்டரி ஊரு. நல்லா இருப்பே” என்றார். வாழ்நாள் முழுவதும் ஓர் அரசுத் தொழிற்சாலையின் டூல் ரூமில் அச்சுகளைச் செதுக்கியவர் அவர். அவருக்கு அந்த ஒரு தகவல் போதுமானதாக இருந்தது.

உன்னைப் பார்க்க நாங்கள் வந்தது இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தில். அப்போது எமிலியை உனக்குத் தெரியாது. நீ காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பிப் போவாய். நான் பத்து மணிக்குக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நடக்கப் போவேன். உன் வீட்டு முனையிலிருந்து ஆற்றங்கரை வரை நேர் தெரு. முதல் நாள் அந்தத் தெருவில் எதிர்ப்பட்டவர்களை எண்ணினேன். ஏழு பேர், ஒரு நாய். உடனே குறித்துக்கொண்டேன். நம் ஊரில் காலை பதினொரு மணிக்கு ஒரு கடைத்தெரு காலியாக இருந்தால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். பந்த், ஊரடங்கு, இல்லையென்றால் பெரிய தலைவர் யாரோ இறந்துவிட்டார். இத்தனை வருடம் இந்த ஊரின் தெருக்களைப் பார்த்தே செய்தி எழுதியவள் நான். காலித் தெருவைக் கண்டதும் கை தானாக எழுதும். அங்கேயும் அப்படித்தான் எழுதியது. இந்த ஊரில் ஏதோ முடிந்துவிட்டது என்று. அந்த ஏழு பேரில் ஒருவரைக்கூட நிறுத்தி, மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். காரில் ஏறி ஊருக்கு வெளியே உள்ள தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறார்கள். குளிர் போய் வெயில் காலம் வந்ததும் சாயங்காலங்களில் ஆற்றங்கரைக்கு வருவார்கள்.

உன் அப்பா கேட்டார். அவருக்கு ஆங்கிலம் நாற்பது வார்த்தை, அதில் முப்பது கருவிகளின் பெயர்கள். தினமும் “ஸ்க்ரூ வாங்கிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு நாலு தெரு தள்ளியிருந்த இரும்புக் கடைக்குப் போவார். மதியம் வரும்போது சட்டைப் பையில் இரண்டு ஸ்க்ரூவும் வாய் நிறையப் பேச்சும் இருக்கும்.

“ஏம்மா, இன்னிக்கு ஒருத்தர் மைக்ரோமீட்டர் எடுத்துக் காட்டினார். எங்க டூல் ரூம்ல இருந்த அதே மாடல்! நான் கையில வாங்கின விதத்தப் பார்த்தே, ‘யூ, டூல் மேன்’ன்னார்.”

“சரி, சாப்பிடுங்க.”

“ஆளே இல்லாத ஊருன்னு எழுதறியாமே? பையன் சொன்னான். எழுதாதம்மா. நான் தினம் நாலு பேர்கிட்ட பேசிட்டு வரேன்.”

“இரும்புக் கடையில பேசறதெல்லாம் செய்தியாங்க?”

இதைச் சொன்னவள் நான்தான். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, உன் வீட்டுச் சமையலறை அலமாரியின் தளர்ந்த கீலை அன்று வாங்கிய ஸ்க்ரூவால் முடுக்கினார்.

அவரிடம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருடம் நினைவிருக்கிறதா? அவருடைய தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் நம் முனைக்கு வந்து நிற்கும் ஃபேக்டரி பஸ் நின்றுபோனது. அதற்கு முன் அந்த பஸ் வரும் சத்தத்தில்தான் நீ எழுந்திருப்பாய். அது திரும்பி வரும் நேரத்தில் தெருவே டிபன் கேரியர் சத்தத்தால் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் வெளியூரிலிருந்து ஒரு நிருபர் வந்து தொழிற்சாலையைப் பற்றி எழுதினார். சுடுகாடு என்று தலைப்பு. உன் அப்பா அதை நின்றபடியே படித்தார். “சுடுகாடாம். நேத்துகூட மூணு ஷெட்ல வேலை நடந்துது. கேன்டீன்ல நான் டீ குடிச்சேன். பொணமா குடிச்சுது?” என்றார்.  “எழுதினவன் கேட்டுக்குள்ளயே வந்திருக்க மாட்டான், விடுங்க” என்று சமாதானம் சொன்னேன். அப்படிச் சொன்னபோது அந்த நிருபர்மீது எனக்கு இருந்த இளப்பம் நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு நான் ஆறு வாரம் ஒரு தொழிற்சாலை ஊரில் இருந்துவிட்டு, கேட்டுக்குள் போகாமலேயே எழுதினேன்.

நான் எழுதியதையெல்லாம் உன் அப்பா வெட்டி ஒட்டி வைப்பார் என்பது உனக்குத் தெரியும். திருமணமான முதல் வாரத்திலிருந்து அது நடக்கிறது. ஸ்டீல் அளவுகோலை வைத்து, பிளேடால், ஓரம் பிசிறாமல் வெட்டுவார். மாநகராட்சிக் கூட்டச் செய்தி இரண்டு அங்குலம்தான் என்றாலும் ஒட்டி, அடியில் தேதி எழுதுவார். கடந்த ஞாயிறு நீ போனை வைத்த பிறகு, அந்தக் கட்டுரையை மறுபடி படிக்கலாம் என்று ஆல்பங்களை எடுத்தேன். அதற்கு முந்தைய வாரக் கட்டுரை இருந்தது. அடுத்த வாரக் கட்டுரையும் இருந்தது. நடுவில் ஒரு பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அடியில் தேதி மட்டும் அவர் கையெழுத்தில். இரண்டு வருடமாக அந்தப் பக்கம் அங்கே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அவரிடம் கேட்டேன். “ஒட்டத் தோணல” என்றார். பால் வாங்கப் போய்விட்டார்.

அடுத்தது ஆறு. நம் ஊரில் ஆறு கிடையாது. ஏரிகள் இருந்தன, சில இருக்கின்றன. ஆறு நமக்கு வெகுதூரத்திலிருந்து குழாயில் வருகிறது. வீடுகளில் அந்தத் தண்ணீருக்குப் பெயர் காவேரி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குப் பெயர் போர். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் “காவேரி இருக்கா, போரா?” என்றுதான் கேட்பார்கள். நீ பேசப் பழகிய காலத்தில் காவேரி என்பது ஓர் ஆற்றின் பெயர் என்று உனக்குத் தெரியாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் வருவது, வந்தால் எல்லோரும் குடத்தோடு ஓடுவது, அவ்வளவுதான். “காவேரி வந்துருச்சு!” என்று முதலில் கத்துகிறவனாக நீ இருக்க வேண்டும் என்பதற்காகப் பல் விளக்காமல் குழாயடியில் உட்கார்ந்திருப்பாய்.

உனக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. காவேரி நீர் எந்த மாநிலத்துக்கு என்ற விவகாரம் சூடாக இருந்த ஒரு வாரம். கடைகள் அடைத்து அடைத்துத் திறந்தன. வெளியே தமிழில் சத்தமாகப் பேச வேண்டாம் என்று நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நானும் நீயும் சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். வழியில் எங்கோ குழாய் உடைந்து, சாலையில் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினாய்: “அம்மா, காவேரி! காவேரி வந்துருச்சு! பக்கெட் எடு, பக்கெட் எடு!” பஸ்ஸில் எல்லாத் தலையும் திரும்பியது. நான் உன்னை அறைந்தேன். கன்னத்தில், சத்தம் கேட்கும்படி. உன் வாயை என் கையால் பொத்தினேன்.

முன் சீட்டில் கூடை வைத்திருந்த ஒரு அம்மா திரும்பி என்னை முறைத்தார். “மகூன யாக்கம்மா ஹொடீத்தீயா? நீரு பந்த்ரெ ஹேள்பார்தா?” என்று கன்னடத்தில் கேட்டார். குழந்தையை ஏன் அடிக்கிறாய், தண்ணீர் வந்தால் சொல்லக்கூடாதா என்று. கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து உன் கையில் வைத்தார். மற்றவர்கள் திரும்பிக்கொண்டார்கள். அந்தப் பஸ்ஸில் நம்மை யாரும் எதுவும் செய்யவில்லை. பயப்பட அந்த வாரம் காரணம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறை நான் கொடுத்தது. இந்தச் சம்பவத்தை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து நீ காவேரி என்று சொன்னதில்லை. தண்ணி என்றுதான் சொல்வாய். இன்றுவரை போனில் “தண்ணி வருதாம்மா?” என்றுதான் கேட்கிறாய்.

எவன்ஸ்வில்லில் முதல் சாயங்காலம் நீ எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாய். அத்தனை அகலமான தண்ணீரை நான் அதற்கு முன் ஊருக்குள் பார்த்ததில்லை. செம்மண் நிறம். ஒரு படகு பதினைந்து தோணிகளைச் சேர்த்துக் கட்டி முன்னால் தள்ளிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் போனது. எதிர்க்கரையில் மரங்கள் மட்டும். நீ என் பக்கம் குனிந்து, காதருகில், “இதுதாம்மா ஓஹையோ” என்றாய். நம்மைச் சுற்றிக் கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பெயரைச் சொன்னதற்கு யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஓர் ஆற்றின் பெயரைச் சொல்வதற்கு முன் நீ குரலைத் தாழ்த்தினாய். எனக்குப் பஸ் நினைவு வந்தது. உனக்கும் அது நினைவிருக்கிறதா என்று அப்போதே கேட்டிருக்கலாம். நான் தோணிகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தக் கட்டுரையில் ஆற்றைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வாசகர்கள் பலர் பாராட்டி எழுதிய பத்தி. ‘இந்தக் கரை இந்தியானா, அந்தக் கரை கென்டகி, இரண்டு மாநிலங்கள் நடுவில் ஓர் ஆறு, பாதிப் பாதியாய், சண்டையில்லாமல்’ என்று எழுதினேன். நான் இதை எங்கும் படிக்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்து, நம் ஊர் நினைப்பில், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். இந்த வரிக்கு வந்ததும் ராய் சொன்னதாக நீ சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “பாதியா? ஒரு டம்ளர்கூட எங்களுது இல்ல. மொத்த ஆறும் கென்டகியுது. நாங்க சும்மா குடிக்கிறோம்.”

புதன்கிழமை எமிலி தனியாக எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் சொல்லியிருப்பாள். தன் அப்பாவுக்குக் கோபம் இல்லை, பேசாமல் இருக்கிறார், அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாள். அக்டோபரில் திருமணத்துக்கு நாங்கள் வரும்போது தங்குவதற்காக அவர் தன் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்திருந்ததையும், கட்டுரையைப் படித்த மறுநாள் “அவங்களுக்கு ஹோட்டல்தான் வசதி” என்று சொன்னதையும் அவள்தான் சொன்னாள். நீ இதை என்னிடம் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்திருக்கிறாய். நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “எமிலி, உன் ஊரைப் பற்றிச் சொல்லேன்” என்றேன். உன் ஊரைப் பற்றி நான் ஒரு மனிதரிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஒன்றரை மணி நேரம் பேசினாள். கணக்கு டீச்சர் அல்லவா, எதையும் வரிசையாகச் சொல்கிறாள். உன் அப்பா இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, மூன்றாம் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கீழே வருவது ராய்க்காக. அவருடைய போன் தடுமாறாமல் இருக்க வாக்கியங்களைச் சிறிதாக வைத்திருக்கிறேன்.

எவன்ஸ்வில் ஆளில்லாத ஊர் என்று எழுதினேன். அது தவறு. எவன்ஸ்வில்லில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் அவர்களிடம் பேசவில்லை. ஓஹையோ ஆற்றை இரண்டு மாநிலங்களும் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன என்று எழுதினேன். அதுவும் தவறு. கென்டகி மாநிலம் உருவான காலத்தில் வடகரையில் தண்ணீர் எதுவரை இறங்கி நின்றதோ, அதுவரை கென்டகிக்குச் சொந்தம். பிறகு ஆறு இடம் மாறியது. எல்லை மாறவில்லை. அதனால் கென்டகியின் ஒரு துண்டு நிலம் எவன்ஸ்வில் பக்கத்துக் கரையில் இருக்கிறது. பாலம் ஏறும் முன்பே கென்டகி வந்துவிடும். ஆற்றுக்கு முதுகு காட்டிச் சுவர் எழுப்பிக்கொண்ட ஊர் என்று எழுதினேன். சுவர் ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை. 1937இல் பெருவெள்ளம் வந்தது. ராயின் அம்மா அப்போது சிறுமி. அவரை மாடி ஜன்னல் வழியாகப் படகில் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் அந்தக் கரைகளும் சுவர்களும் எழுந்தன. ராய் ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் கதவுகளுக்கு ரப்பர் பொருத்தினார். தொழிற்சாலை மூடிய பிறகு பள்ளி பஸ் ஓட்டினார். நான் தெருவில் ஆட்களை எண்ணிய அந்தக் காலை, அவர் முற்பகல் மழலையர் பள்ளியில் குழந்தைகளை இறக்கிவிட்டு அதே தெரு வழியாகத்தான் திரும்பியிருப்பார். நான் பஸ்ஸை எண்ணவில்லை. தவறுகளுக்கு வருந்துகிறேன்.

ராய்க்கான பத்தி முடிந்தது. இனி உனக்கு மட்டும் ஒன்று, எல்லோரும் படிக்கும்படி.

இத்தனை வருடம் செய்தி எழுதியவள் ஏன் ஒருவரிடமும் கேட்கவில்லை என்று நீ யோசித்திருப்பாய். பந்த் பழக்கம் என்று மேலே சொன்னேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. கேட்டால் அந்த ஊர் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும் என்று பயந்தேன். நீ அங்கே வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பால் வாங்கும் கடைப் பெண்ணின் பெயர் உனக்குத் தெரிந்திருந்தது, முடிவெட்டுகிறவர் உன்னைத் தோளில் தட்டினார், சனிக்கிழமைச் சந்தையில் தக்காளி விற்கிற கிழவர் உனக்கென்று பச்சை மிளகாய் தனியாக எடுத்து வைத்திருந்தார். நீ அங்கே வேர் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்த ஊர் செத்த ஊராக இருந்துவிட்டால் நீ திரும்பி வருவாய் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அந்தக் கட்டுரை வாசகர்களுக்காக எழுதியது இல்லை. உன்னைத் திரும்பக் கூப்பிடுவதற்காக எழுதியது. வீட்டுக்கு வா என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டியவள், ஓர் ஊரையே காலி செய்தேன். மிளகாய்க் கிழவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

கட்டுரை வந்த அன்று நீ போன் செய்து, “நல்லா இருக்கும்மா. ஆனா அது நான் இருக்கற ஊர் இல்ல” என்றாய். நான், “வெளியிலேருந்து பார்க்கிறவங்களுக்குத்தான் சரியா தெரியும்டா” என்றேன். நீ சரி என்று வைத்துவிட்டாய். நம் வீட்டில் ஆண்கள் இருவருமே சரி என்று வைத்துவிடுகிறவர்கள். அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு பல வருடம் ஓட்டிவிட்டேன்.

திருமணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது என் தொழில்தான். எமிலியிடம் கேள். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன் என்று நினைக்காதே. நான் உன் அப்பாவின் முகத்தை முப்பத்தைந்து வருடமாகப் பார்த்துவிட்டு, ஆல்பத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் தவறவிட்டேன். அவள் சரி என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனால், பின்னால் போய் இன்னொரு தடவை கேள். நீயும் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. ‘தப்பாக எழுதியிருக்கிறாய்’ என்று நீ அன்றே கத்தியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், இரண்டு நாள் பேசியிருக்க மாட்டேன், மூன்றாம் நாள் திருத்தம் எழுதியிருப்பேன், ராய் வெள்ளையடித்த அறையும் இன்று பத்திரமாக இருந்திருக்கும். சத்தமாகச் சொல்லாதே என்று உன்னைப் பழக்கியது நான்தான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதற்கும் திருத்தம் உண்டு என்றால் நாலாம் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

இந்த வரியை எழுதுவது வியாழன் பிற்பகல். தெரிந்தவை இவை. கடிதம் ஞாயிறு பதிப்பில் வரும். பக்கம் ஒதுக்கியாகிவிட்டது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இங்கே ஞாயிறு விடியும்போது இணையத்தில் ஏறும், உங்களுக்கு அப்போது சனிக்கிழமை சாயங்காலம், ராய் மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க நேரம் இருக்கும். உன் அப்பா ஸ்டீல் அளவுகோலை எடுத்து டிவி மேல் வைத்திருக்கிறார். வெட்டுவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிறேன், இன்றே. ராய் என்னோடு பேசுவாரா என்பது இன்னும் தெரியவில்லை. ஞாயிறு மாலை ஏழரை மணிக்கு, உங்களுக்குக் காலை ஒன்பது, அவர்கள் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அழைக்கிறேன் என்று எமிலியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் போனை வாங்கினால், நிருபர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியிலிருந்து தொடங்குவேன்: உங்கள் முழுப் பெயர் என்ன, அதை எப்படி எழுத வேண்டும்? மாடி அறையைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

ஒன்று மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவை. ஞாயிறு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. பேச்சின் நடுவில் கீழேயிருந்து செல்வி கத்துவாள், நான் எழுந்து ஓட வேண்டியிருக்கும். இந்தத் தடவை அது பொய்யாக இருக்காது. என்ன ஆச்சு என்று ராய் கேட்டால், தண்ணி என்று சொல்லாதே. காவேரி வந்துருச்சு என்று சொல். எனக்குக் குளியலறை வரைக்கும் கேட்கும்படி சொல்.